முன்பணம் திரும்பத் தரப்படாது

கடற்கரைத் தெருவில் கடைசி வீடு. மாடியில் மூன்று அறைகள். கீழே ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, வாசலை ஒட்டி ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டதால் ‘ஆபீஸ்’ என்று பதவி உயர்வு பெற்ற ஓர் இடுக்கு. மாடி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு. கீழ்த்தளம், வீட்டை நடத்துகிற கறாரக்காவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும்.

கறாரக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இருபத்திரண்டு வருஷம் பாத்திரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது வாடிக்கைக்காரர்கள் வைத்தது. ஒரு கரண்டிக்காக முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி, தொண்டை வறண்டு, கடைசியில் அவள் முதலில் சொன்ன விலையையே எண்ணி வைத்துவிட்டுப் போகிறவன் வேறு என்ன பெயர் வைப்பான்? அவள் வீட்டுக்காரருக்கும் அதே கடையில்தான் பெயர் விழுந்தது: ‘சரிங்க’. யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். கடனா, சரிங்க. அடுத்த மாதம்தான் தர முடியுமா, சரிங்க. இந்த அண்டாவில் ஆறு மாதம் வெந்நீர் போட்டுப் பார்த்துவிட்டோம், பிடிக்கவில்லை, மாற்றித் தருகிறீர்களா, அதுவும் சரிங்க. இப்படி இரண்டு பேர் சேர்ந்து நடத்தியும் அந்தக் கடை இருபத்திரண்டு வருஷம் ஓடியது என்பதுதான் அதிசயம்.

எதிர்வரிசையில் நான்கு மாடிக்கு ஒரு பெரிய கடை வந்தபிறகு அந்த அதிசயமும் நின்றது. இருந்த சரக்கை எடைக்குப் போட்டு, கடையைக் கைமாற்றிவிட்டதில் எட்டு லட்சம் தேறியது. அதைக் கொண்டுபோய் அவள் தன் அண்ணனிடம் கொடுத்தாள். இந்தக் கடற்கரை வீடு அண்ணனுடையது.

“நீங்க ரெண்டு பேரும் அங்க போய் இருங்க. மாடியை விடுமுறைக்கு வர்றவங்களுக்கு விடுங்க. எனக்கு மாசம் ஏதோ ஒரு வாடகை குடுங்க, போதும். இந்த எட்டு லட்சம் அட்வான்ஸா எங்கிட்ட இருக்கட்டும். என்னிக்குக் காலி பண்றியோ அன்னிக்கு வாங்கிக்க. பேங்க்ல கிடந்தா என்ன, அண்ணன்கிட்ட கிடந்தா என்ன?” என்றார் அண்ணன்.

ஒரு டீ வடிகட்டியைக்கூட பில் போடாமல் வெளியே விடாதவள் அன்றைக்குப் பத்திரம் கேட்கவில்லை. அண்ணனே மனசு கேட்காமல், பாத்திரக்கடையின் பழைய பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ‘வீட்டுக்கு முன்பணமாக எட்டு லட்சம் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “நமக்குள்ள இதெல்லாம் எதுக்குண்ணா” என்று சொல்லிக்கொண்டே அவள் அதை வாங்கி நான்காக மடித்தாள். அவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கை கால் ஓய்ந்துபோனால் பார்த்துக்கொள்ளப் போவது அந்தத் தாள் ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம். பாத்திரம் விற்பதற்கும் அறை விடுவதற்கும் உள்ள வித்தியாசம் கறாரக்காவுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. விற்காத குண்டான் நாளைக்கும் குண்டானாகவே அலமாரியில் இருக்கும். விடாத அறை அப்படி இல்லை. இன்றைக்குக் காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. அந்த நாள் அழுகின தக்காளி மாதிரி போனது போனதுதான். இது புரியாமல் சரிங்க போனை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை வர்றோங்க, ரெண்டு ரூம் வைங்க.”

“சரிங்க.”

“வந்து பணம் குடுத்துடறோம்.”

“சரிங்க.”

பள்ளி விடுமுறையின் உச்சத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கும்பல் மூன்று அறைகளையும் நான்கு நாளைக்குச் சொல்லி வைத்தது. அவர்களுக்காக வேறு ஐந்து பேரை அவர் திருப்பி அனுப்பினார். கறாரக்கா பன்னிரண்டு படுக்கை விரிப்பு, பன்னிரண்டு தலையணை உறை, பன்னிரண்டு துண்டு எல்லாவற்றையும் துவைத்து, கடற்காற்றின் உப்பு ஏறுவதற்குள் எடுத்து, இஸ்திரி போட்டு விரித்து வைத்தாள். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் போன் போட்டால், பின்னணியில் தண்ணீரில் குதிக்கிற சத்தம்.

“சாரிங்க, இங்க பக்கத்துலயே ஒரு இடம், நீச்சல் குளத்தோட கிடைச்சுது. பசங்க விடமாட்டேன்னுட்டாங்க.”

சரிங்க, பழக்க தோஷத்தில், “சரிங்க” என்றார்.

கறாரக்கா போனைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “கடலையே வாசல்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். குளத்துக்காக நம்மள விட்டுட்டுப் போயிருக்கான். அவனுக்கும் ஒரு சரிங்க.”

“என்ன பண்ணச் சொல்றே? சண்டை போட்டா மட்டும் வந்துடுவாங்களா?”

“வர வேண்டாம். பணம் வரட்டும். இனிமே அட்வான்ஸ் இல்லாம ஒரு தலையணையக்கூட தொட விடமாட்டேன்.”

எவ்வளவு வாங்குவது என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அன்று சாயந்திரம் முழுக்கப் பேரம் நடந்தது. முக்கால் பங்கு என்றாள் அவள். கால் பங்கே அதிகம், ஆள் ஓடிப்போவான் என்றார் அவர். ஓடுகிறவன் இப்போதே ஓடட்டும், விரிப்பு மிச்சம் என்றாள். மூன்றில் ஒன்று என்று அவர் ஏறினார். மூன்றில் இரண்டு என்று அவள் இறங்கினாள். கடைசியில் பாதியில் வந்து நின்றார்கள். அவர் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார். அவள் மனசில் முதலிலிருந்தே பாதிதான்.

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நிபந்தனைகளை டைப் அடிக்கச் சொன்னாள். முழு வாடகையில் பாதி முன்கூட்டியே. மீதி, சாவி வாங்கும்போது. வாங்கிய பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பத் தரப்படாது.

“‘தகுந்த காரணம் இருந்தால் தவிர’ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாமே” என்றார் சரிங்க.

“தகுந்த காரணம் இல்லாதவன் யாருங்க இருக்கான்? நீச்சல் குளம்கூட அவனுக்குத் தகுந்த காரணம்தான்.”

ஜெராக்ஸ் கடைக்காரர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். “அக்கா, அட்வான்ஸ்னு போடவா, முன்பணம்னு போடவா?”

கறாரக்கா யோசித்தாள். இந்த ஒரு யோசனையில்தான் அவள் தன் வியாபார மூளை முழுவதையும் செலவழித்தாள்.

“முன்பணம்னே போடுங்க. அட்வான்ஸ்னு போட்டா, வீட்டுக்குக் குடுக்கற அட்வான்ஸ் மாதிரி, போகும்போது கைக்கு வந்துடும்னு நினைச்சுக்குவாங்க. முன்பணம்னா முன்னாடி குடுத்த பணம். குடுத்தாச்சு, அவ்வளவுதான்.”

“சரியான ஆளுக்கா நீங்க” என்று அவர் அடித்துக் கொடுத்தார். ஐம்பது பிரதி. ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினாள். போனில் கேட்கிறவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். போன் அவள் கைக்கு மாறியது. சரிங்கவுக்குத் தோட்டத்துக் குழாயும் மாடிப்படியும் பொறுப்பாக வந்தன.

ஆட்கள் ஓடவில்லை. நாலு பேர் முணுமுணுத்தார்கள், இரண்டு பேர் பேரம் பேசினார்கள், பிறகு எல்லாரும் பாதியை அனுப்பினார்கள். பாதி கொடுத்தவன் மீதியைக் கொடுக்க வந்துதான் ஆகவேண்டும் என்கிற எளிய கணக்கில் அறைகள் நிறைந்தன. ஒரு சொல் மாற்றியதற்கு இத்தனை பலனா என்று அவளுக்கே கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில் அண்ணன் வந்தார். மாதத்துக்கு ஒரு முறை வாடகை வாங்க வருவார். வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்துவிட்டுப் போவார். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அடுத்த வாரம் இரண்டு நாளைக்குப் பாதி கட்டியிருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

“மாமியார் குளியலறையில விழுந்துட்டாங்கங்க. இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில இருக்கோம். வர முடியாது. அந்தப் பணம் இப்ப இருந்தா ரொம்ப உதவியா இருக்கும்.”

“அடப்பாவமே. பாத்துக்கங்க டீச்சர்” என்றாள் கறாரக்கா. அது நிஜமான வருத்தம். அடுத்ததும் நிஜம். “ஆனா முன்பணம் திரும்பத் தர்றதில்லீங்க. அதுலயே போட்டிருக்கு. நீங்க படிச்சுட்டுத்தானே அனுப்பினீங்க?”

“படிச்சேங்க. இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

“எங்களுக்கும் தெரியாதே டீச்சர். அந்த ரெண்டு நாளைக்கு உங்களுக்காக நாலு பேர வேண்டாம்னுருக்கேன்.”

எதிர்முனையில், ஆஸ்பத்திரி அறிவிப்பில் யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு டீச்சர், “சரி, வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள். படியில் ஈரத்துணியோடு நின்ற சரிங்க, துடைத்த படியையே மறுபடி துடைத்தார்.

அண்ணன் டீக்கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அடேயப்பா. இடுப்பு உடைஞ்சும் உங்கிட்டருந்து ஒரு பைசா பேரலையே. நீ என் தங்கச்சிதான், சந்தேகமே இல்ல.”

“என்னண்ணா பண்றது. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்.”

“ரொம்ப சரி. அந்தத் தாளைக் காட்டு.” சட்டத்தை எழுந்துபோய்ப் படித்தார். “ஏன் முன்பணம்? எல்லாரும் அட்வான்ஸ்னுதானே சொல்லுவாங்க?”

கறாரக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் சொன்னதை அண்ணனுக்கும் சொன்னாள், இன்னும் கொஞ்சம் மெருகேற்றி. அட்வான்ஸ் என்றால் திரும்பி வரும், முன்பணம் என்றால் போனதுதான். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “நமக்குத் தோணாம போச்சே” என்று ஒரு பிரதி கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாருக்குக் காட்டப் போகிறாரோ, தங்கச்சி பெருமையைப் பேசப் போகிறாரோ என்று அவள் நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்து வந்தார். கூடவே சித்தப்பா. சித்தப்பாவுக்கு சிமெண்ட் வியாபாரம். குடும்பத்தில் யாருக்குள் என்ன தகராறு என்றாலும் நடுவில் உட்கார்கிறவர். இன்னும் தகராறே இல்லையே, இவர் எதற்கு?

“வீட்டுக்கு ஒரு பார்ட்டி வந்திருக்கும்மா” என்றார் அண்ணன். “மருந்துக்கடைக்காரர். ஊர் முழுக்கக் கடை வச்சிருக்கார். நல்ல விலை. மாசக் கடைசியில கைமாத்தணும்.”

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். ஐந்து வருஷம் துடைத்த படிகள். பிறகு, அண்ணனுடைய வீடு, அண்ணன் விற்கிறார், இதில் நாம் சொல்ல என்ன இருக்கிறது என்று தன்னையே ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்திக்கொண்டாள்.

“சரிண்ணா. நாங்க ஒரு சின்ன இடமா பாத்துக்கறோம். எட்டு லட்சத்தை எப்ப தர்றே? இடம் பாத்தா அங்க குடுக்கணும்.”

அண்ணன் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கடலைப் பார்த்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தார். அவள் கொடுத்த பிரதி.

“முன்பணம் திரும்பத் தரப்படாதும்மா.”

கறாரக்கா சிரித்தாள். நல்ல கேலி என்றுதான் நினைத்தாள். சிரித்து முடித்தும் அவர் சிரிக்காதபோதுதான் அவளுக்கு முகம் வெளுத்தது.

“அண்ணா, இது ரூமுக்கு. ரெண்டு நாள் தங்கறவனுக்கு.”

“எதுக்கா இருந்தா என்ன. அட்வான்ஸ்னா திரும்பி வரும், முன்பணம்னா போனதுதான். யார் சொன்னது? இதே நாற்காலியில உக்காந்து நீதானே சொன்னே. நான் அன்னிக்கு எழுதிக் குடுத்த தாளை எடுத்துட்டு வா. முன்பணம்னு எழுதியிருக்கேனா, அட்வான்ஸ்னு எழுதியிருக்கேனான்னு பாரு.”

“வாயால அட்வான்ஸ்னு சொன்னியேண்ணா. காலி பண்றப்ப வாங்கிக்கன்னு சொன்னியே.”

“வாயால ஆயிரம் சொல்லுவோம். அந்த டீச்சர்கூட ஆஸ்பத்திரியிலேருந்து வாயாலதான் சொன்னாங்க. நீ தாளைத்தானே பாத்தே?”

சரிங்க மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தார். “மச்சான், இது நியாயமா?”

“மாப்ள, நியாயத்தைப் பத்திப் பேசினா நானும் பேசுவேன். இந்தத் தெருவுல இந்த வீட்டுக்கு என்ன வாடகை போகுது? நீங்க எனக்கு என்ன குடுத்தீங்க? அஞ்சு வருஷம் நான் விட்டுக் குடுத்ததைக் கூட்டினா எட்டுக்கு மேலயே வரும். அதை நான் கேட்டேனா? அதையும் இதையும் நேர் பண்ணிக்கலாம்னுதான் சொல்றேன்.”

“ஏதோ ஒரு வாடகை குடு போதும்னு நீதானே சொன்னே?” என்றாள் அவள்.

“அதுவும் வாயாலதான்.”

அவள் எழுந்துபோய் பீரோவைத் திறந்து அந்தத் தாளைக் கொண்டுவந்தாள். நான்கு மடிப்பும் கிழிகிற பதத்தில் இருந்தன. ‘வீட்டுக்கு முன்பணமாக எட்டு லட்சம் பெற்றுக்கொண்டேன்.’ பெற்றுக்கொண்டதற்குத்தான் சாட்சி இருந்தது. திருப்பித் தருவேன் என்று ஓர் எழுத்தும் இல்லை. ஐந்து வருஷத்தில் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறாள். தாள் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. மாற்றான் கையெழுத்தாக இருந்தால் முதல் நாளே பார்த்திருப்பாள்.

“திருப்பித் தர்றேன்னு இதுல எழுதணுமா? வீட்டுக்குக் குடுத்தா திரும்பி வரும்னு ஊருக்கே தெரியும்.”

“ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்கு நீ எதுக்கு ஐம்பது பிரதி எடுத்தே?”

அவள் தாளைத் திரும்ப மடித்தாள். கல்லாவில் உட்கார்ந்த காலத்தில் எதிராளியை இப்படி ஒரு மூலையில் நிறுத்திவிட்டால் அவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள். அவன் தானாகப் பையைத் திறப்பான். அண்ணனும் பேச்சை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே வீட்டில் ஒரே அப்பாவிடம் படித்த பாடம்.

“சாவி தரமாட்டேன்” என்றாள்.

“தராதே. கோர்ட்டுக்குப் போலாம். அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ. கேஸ் நடக்கற வீட்டுக்கு எவன் குடும்பத்தோட வந்து தங்குவான்னு பாப்போம்.”

இப்போது சித்தப்பா கடலை விட்டுத் திரும்பினார். அவருக்கான நேரம் வந்துவிட்டது. “ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. அண்ணன் தங்கச்சிக்குள்ள கோர்ட்டு கீர்ட்டுன்னு பேசிக்கிட்டு. எங்கிட்ட விடுங்க. ஏம்மா, நீ ஒரு நம்பர் சொல்லு.”

“என்ன நம்பர்? எட்டு.”

“அது நீ குடுத்தது. வர்றதுக்கு ஒரு நம்பர் சொல்லு.”

அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அண்ணன் தரமாட்டேன் என்று சொல்ல வரவில்லை. பேரம் பேச வந்திருக்கிறார். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் எங்கேயோ வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு, நடுவில் உட்கார ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இதையும் தெரிந்துகொண்ட பிறகு, அழுவதற்குக்கூட வழியில்லாமல் போயிற்று. பேரத்தில் அழுதால் விலை இறங்கும்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம், கல்லாவில் உட்கார்வது போல உட்கார்ந்தாள்.

“நீங்க எவ்வளவு தர்றீங்க?”

நீ, வா, போ என்று பேசி வளர்ந்தவள். அண்ணனுக்கு அந்த ‘நீங்க’ காதில் விழுந்தது. டீக்கிளாசை எடுத்துக் காலியாக இருந்ததைப் பார்த்து மறுபடி வைத்தார்.

“ஒண்ணு தர்றேன். என் தங்கச்சிங்கறதுக்காக.”

“தங்கச்சியை நடுவுல இழுக்காதீங்க. ஏழு.”

“ஒண்ணரை.”

“ஏழு. வெள்ளையடிக்க, குழாய் மாத்த நான் போட்டது தனியா இருக்கு. அதைச் சேத்தா ஒன்பது. வேண்டாம்னு விட்டிருக்கேன்.”

“வெள்ளையடிச்சது உன் கஸ்டமருக்காக. ரெண்டு.”

“ஆறு. மாசக் கடைசிக்குள்ள காலியான வீடு வேணும் உங்களுக்கு. மருந்துக்கடைக்காரர் காத்துக்கிட்டு இருக்கார். அந்த அவசரத்துக்கும் ஒரு விலை இருக்குல்ல?”

அண்ணன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். சித்தப்பா வாய்விட்டு, “பலே” என்று சொல்லி, சொன்னதற்காக வெட்கப்பட்டுத் தொண்டையைச் செருமினார். இரண்டரை, ஐந்தரை, மூன்று, ஐந்து என்று அது போனது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு யாரோ இரண்டு வியாபாரிகள் ஒரு பழைய வண்டிக்கு விலை பேசுவது போலத்தான் இருந்திருக்கும். மாடியிலிருந்து ஈரத் தலையோடு இறங்கி வந்த ஒரு விருந்தாளி, “அக்கா, ஒரு துண்டு குடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவள் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, “நாலேமுக்கால்” என்றாள்.

“பாதி” என்றார் சித்தப்பா, இரண்டு கையையும் மேசையில் வைத்து. “நாலு. ரெண்டு பேருக்கும் பொது. முடிஞ்சுது.”

“சரி” என்றார் அண்ணன், கொஞ்சம் சீக்கிரமாகவே. அவர் மனசில் முதலிலிருந்தே பாதிதான் என்று கறாரக்கா தெரிந்துகொண்டாள். அந்த வித்தை அவளுக்குத் தெரியாததா.

“நாலையும் இப்பவே குடுங்க.”

“ரெண்டு இப்ப. மீதி, சாவி வாங்கும்போது” என்றார் அண்ணன். தாளில் உள்ளபடியே.

பணத்தைச் சித்தப்பா எண்ணினார். போகும்போது அண்ணன் வாசலில் நின்று, “மனசுல வச்சுக்காதே. வியாபாரம் வேற, பாசம் வேற. அடுத்த மாசம் வீட்டுக்கு வா, அண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா” என்றார். அவள் நாற்காலிகளை நேராக்கினாள்.

மத்தியானத்துக்கு மேல் கறாரக்கா நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். மாதக் கடைசிக்கு அப்புறம் தங்குவதற்காக ஒன்பது குடும்பங்கள் பாதி அனுப்பியிருந்தன. கூட்டினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

“தாள்ல திரும்பத் தரப்படாதுன்னுதானே போட்டிருக்கோம்?” என்றார் சரிங்க. ஆழம் பார்க்கிறாரா, ஆசைப்படுகிறாரா என்று அவர் குரலில் தெரியவில்லை.

“அவங்க வரலைன்னாதான் அது. வீடு நம்ம கையில இல்லைன்னா?”

“அது தாள்ல இல்லையே.”

“இல்ல” என்றாள். கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தாள். எழுதாமல் விட்ட இடம் யாருக்குச் சாதகம் என்று அவளுக்கு இன்று காலையில்தான் ஒருவர் பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தார். வைத்துக்கொள்ளலாம். ஒருத்தரும் ஒன்றும் செய்ய முடியாது. அதை நினைத்ததும் அண்ணனின் சட்டைப்பை ஞாபகம் வந்தது. போனை எடுத்து முதல் நம்பரைப் போட்டாள்.

திருப்பிக் கொடுப்பது வாங்குவதைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது. ஒருவர் நம்பவே இல்லை. இது ஏதோ புது வகை மோசடி என்று பேங்க் நம்பரைத் தர மறுத்தார். இன்னொருவர், “நாங்க வரலைன்னா பணம் போச்சு. நீங்க ரூம் தரலைன்னா வெறும் பணம் மட்டும் வருமா? ரெட்டிப்பா தாங்க” என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். அவள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் அவர் சொல்வது நியாயம் என்று உள்ளே தெரிந்ததால் குரலில் பழைய கெட்டி இல்லை. ஆயிரம் கூடக் கொடுத்து முடித்தாள். கறாரக்கா தன் வாழ்நாளில் பேரத்தில் தோற்றது ஒரே நாளில் இரண்டு தடவை.

நோட்டின் பழைய பக்கத்திலிருந்து இன்னொரு நம்பரையும் தேடி எடுத்தாள். டீச்சர்.

“உங்க பணத்தைத் திருப்பி அனுப்பறேன் டீச்சர். மாமியார் எப்படி இருக்காங்க?”

“இருக்காங்க” என்றாள் டீச்சர். பிறகு, சாவகாசமாக, பாடம் சொல்கிற குரலில் சொன்னாள்: “வேண்டாங்க. அன்னிக்குத் தேவைப்பட்டது, வேற எடத்துல கைநீட்டி வாங்கிட்டேன். அது போனதாவே இருக்கட்டும். திருப்பி வாங்கினா உங்களை நல்லவங்கன்னு நினைக்கணும். எனக்கு அது வேண்டாம்.”

போன் வைக்கப்பட்டது. கறாரக்கா அந்தப் பெயருக்கு நேராக எதுவும் எழுதவில்லை.

அடுத்த வாரத்தில் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். கீழ்வீட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார் சரிங்க. பீரோ துணியெல்லாம் நான்கு மூட்டையாயிற்று. இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்த்தார்கள். சமையலுக்கும் படுக்கைக்கும் அதே அறைதான். அந்த இடத்துச் சொந்தக்காரர் அட்வான்ஸ் கேட்டார். கறாரக்கா, “போகும்போது திருப்பிக் குடுப்பீங்களா?” என்று கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, “இது என்னம்மா கேள்வி?” என்றார். எழுதித் தரச் சொன்னாள். இத்தனை சந்தேகம் உள்ளவர்களுக்கு இடம் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்.

அன்றைக்குச் சாயந்திரம், மூட்டைகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருக்கும்போது மருந்துக்கடைக்காரரின் மனைவி போன் செய்தாள். இளம் குரல், அவசரமில்லாத குரல்.

“அக்கா, நாங்க வீட்டை வாங்கறவங்க. எங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. வர்றவங்க எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க. நீங்களே இருந்து பாத்துக்கறீங்களா? கீழ் ரூம் உங்களுக்கு. மாசம் சம்பளம் போட்டுடறோம்.”

கறாரக்கா சுவரைப் பார்த்தாள். சட்டம் கழற்றிய இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெளுப்பாக இருந்தது. ஐந்து வருஷமாக முதலாளி மாதிரி நடந்த வீட்டில் சம்பளக்காரி. சமையலறை ஜன்னல் அதேதான். கடலும் அதே கடல்தான்.

“சம்பளம் எவ்வளவுங்க?”

அவள் சொன்னாள். மோசமில்லை, நல்லதும் இல்லை.

“மூணு மாசச் சம்பளம் முதல்லயே வேணும். என்னை நிறுத்தினாலும் அது என்னோடது, நானா போனா மட்டும் உங்களோடதுன்னு எழுதிக் குடுங்க. தேதி போட்டு, உங்க வீட்டுக்காரர் கையெழுத்தோட. உங்க பேர்லயும் ஒரு கையெழுத்து.”

“அக்கா, எங்களை நம்பலையா?” என்று அவள் சிரித்தாள்.

“நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே. தெரியாதவங்ககிட்ட எழுதி வாங்கறதுல ஒரு சங்கடமும் இல்லம்மா.”

எதிர்முனை யோசித்து, வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தது. சரிங்க, கையில் பாதி முடிச்சுப் போட்ட கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார்.

“என்னவாம்?”

“நம்மளயே இருக்கச் சொல்றாங்க. வேலைக்கு.”

அவர் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது தெரிந்தது. சொல்லவில்லை. மூட்டைகளைக் காட்டி, “அப்ப இதையெல்லாம் அவுத்துடவா?” என்று கேட்டார்.

கறாரக்கா நான்கு மூட்டைகளையும் ஒரு முறை பார்த்தாள்.

“பாதி அவுருங்க” என்றாள். “மீதி, பணம் வந்தப்புறம்.”